வசந்தத்தின் வஞ்சனையும் டேலியாக் கிழங்கும்

இளவேனில் என்றவுடன் தமிழர் மனத்தில் எழுவது சித்திரை, வைகாசி மாதங்களின் காட்சி. மாமரத்திலே காய் பருக்கும்; வேம்பு பூத்துச் சொரியும்; மாலையில் தென்றல் வீசும். வெயில் சற்றுக் கூடலாம், சற்றுக் குறையலாம். ஆனால் ஓர் இரவிலே வந்து இளம் பயிரைக் கருக்கிவிட்டுப் போகும் குளிர் அப்பருவத்தில் இல்லை. ஐரோப்பாவின் வசந்தம் இத்தகையதன்று. மார்ச்சு மாதக் கடைசியில் கோடையே வந்துவிட்டதுபோல வெயில் அடிக்கும். ஒரு வாரத்துக்குள் பனி கொட்டும். மரங்கள் தளிர்ப்பதைக் கண்டு மகிழ்ந்து மண்வெட்டியைக் கையில் எடுத்தவன், மறுவாரம் அதனை மூலையிலே சாத்திவிட்டுக் கண்ணாடிச் சாளரத்தின் வழியே வானத்தைப் பார்த்திருப்பான்.

இவ்வாறு ஏமாற்றப்படுவோருள் முன்னிற்பவர் டேலியாப் பூச்செடி வளர்ப்போர். ரோசாவும் துலிப்பும் குளிரைத் தாங்கும். டேலியாவோ ஒரே இரவின் உறைபனியில் இலையும் தண்டும் கறுத்துத் துவண்டு போகும். அவ்வளவு மென்மையான செடி, வசந்தம் இவ்வளவு நிலையற்றதாயுள்ள நாடுகளிலே வீட்டுக்கு வீடு விரும்பி வளர்க்கப்படுகின்றது. இது எவ்வாறு இயலுகின்றது என்பதை அறிய, முதலில் அச்செடியின் பிறப்பிடத்தை அறிதல் வேண்டும்.

டேலியாவின் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் ஆகிய நாடுகளின் மலைச்சாரல்கள். ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆணைப்படி 1570களில் மெக்சிக்கோவின் செடிகொடிகளை ஆராய்ந்த மருத்துவர் பிரான்சிசுக்கோ எர்னாண்டசு என்பவர் இச்செடியைத் தமது குறிப்புகளிலே விவரித்தார். எனினும், ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே அது ஐரோப்பிய மண்ணை மிதித்தது. மெக்சிக்கோ நகரத்துத் தாவரவியற் பூங்காவிலிருந்து விசெந்தே செர்வாந்தேசு என்பவர் 1789ஆம் ஆண்டளவில் அதனை மாட்ரிட் நகர அரச பூங்காவுக்கு அனுப்பினார். அங்கே அதனை வளர்த்து மலரச் செய்த கவனில்லசு என்னும் தாவரவியலறிஞர், 1791இல் சுவீடன் நாட்டு அறிஞரான அந்தர்சு தால் என்பவரின் நினைவாக அதற்கு டேலியா என்று பெயரிட்டார். பிறந்த நாடும் அதனை மறந்துவிடவில்லை. 1963ஆம் ஆண்டு மெக்சிக்கோ அரசு டேலியாவைத் தன் தேசிய மலராக அறிவித்தது.

இந்த வரலாற்றிலே தோட்டக்காரனுக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. மெக்சிக்கோவின் மேட்டு நிலத்தில் மழை பெரும்பாலும் மே, யூன் மாதங்களில் தொடங்கி ஒற்றோபர் வரை பெய்யும். அதன் பின்னர் நெடிய வறட்சி. மழைக்காலத்தில் தழைத்துப் பூக்கும் டேலியா, வறட்சி வந்ததும் தண்டும் இலையும் காய்ந்துபோக, வேரிலே சேர்த்துவைத்த உணவோடு மண்ணுக்கடியில் உறங்கும். மறுமழையின் ஈரமும் மண்ணின் இளஞ்சூடும் ஒன்றுசேர்ந்து அதனைத் துயிலெழுப்பும். ஆகவே டேலியாக் கிழங்கு வறட்சியைத் தாங்குவதற்கென அமைந்த கிழங்கு. உறைபனியையோ குளிர்ந்த சேற்றையோ தாங்குவதற்கு அமைந்ததன்று. வட ஐரோப்பாவில் மாரிகாலம் முழுவதும் நிலம் குளிர்ந்தும் நனைந்தும் கிடக்கும். அதனாலேயே அங்குள்ளோர் இலையுதிர்காலத்து முதற் பனியில் செடி கறுத்ததும் கிழங்கை அகழ்ந்து, மண்ணை உதிர்த்து, உலர்ந்த மணலிலோ மரத்தூளிலோ புதைத்து, பனி புகாத அறையிலே வைத்துக் காக்கின்றனர். வசந்தத்தில் அதனை மீண்டும் எழுப்ப வேண்டிய பொறுப்பு அவர்களையே சார்ந்தது. எப்போது எழுப்புவது, எப்போது மண்ணுக்கு அனுப்புவது என்பவையே வினாக்கள்.

கிழங்கின் அமைப்பையும் இங்கே குறிப்பிடுதல் நன்று. உருளைக்கிழங்கு உண்மையில் மண்ணுக்கடியில் பருத்த தண்டு. அதன் மேனியெங்கும் முளைக்கண்கள் உண்டு. எந்தத் துண்டில் கண் இருந்தாலும் அது முளைக்கும். டேலியாக் கிழங்கோ பருத்த வேர். மரவள்ளி பயிரிடுவோர் கிழங்கை நடுவதில்லை, தடியையே நடுவர் என்பதை நேயர்கள் அறிவர். மரவள்ளிக் கிழங்கிலே முளை இல்லை. டேலியாவும் இவ்வகையினதே. பழைய தண்டும் கிழங்கும் சேருமிடமாகிய கழுத்துப் பகுதியில் மட்டுமே முளைகள் இருக்கும். கழுத்து முறிந்த கிழங்கு எத்துணைப் பருத்ததாயினும் முளைக்காது. கழுத்து அழுகினாலும் கதை அத்துடன் முடிந்தது.

இதனால் நேரும் இழப்பு ஒரு கிழங்கின் விலையோடு நின்றுவிடுவதில்லை. இன்று தோட்டங்களிலுள்ள டேலியாக்கள் பல இனங்கள் பலமுறை கலந்து உண்டானவை. மிகப் பல உயிர்களின் கலங்களில் நிறமூர்த்தத் தொகுதி இரண்டே இருக்க, இவற்றின் கலங்களில் எட்டு இருக்கின்றன. ஆதலின் இதன் விதையை ஊன்றினால் தாயைப் போன்ற மகள் பிறப்பதில்லை. வேறொரு நிறமும் வேறொரு வடிவமும் கொண்ட செடியே வளரும். ஒரு வகையை மாறாமற் காப்பாற்ற, கிழங்கைப் பிரித்து நடவேண்டும். அல்லது தளிரை வெட்டி வேர்விடச் செய்ய வேண்டும். வேல்சு நாட்டின் கார்டிப் நகரில் 1920களில் ஒரு செடி வளர்ப்பாளரிடம் தோன்றியது 'பிஷப் ஒவ் லாண்டாப்' என்னும் புகழ்பெற்ற வகை. கருஞ்சிவப்பு இலையும் செந்நிற மலரும் உடைய அதனை இன்று பல நாடுகளிற் காணலாம். அவை அனைத்தும் அந்த ஒரே செடியின் துண்டங்களே. ஒவ்வொரு வசந்தத்திலும் யாரோ ஒருவர் அவசரப்படாமற் காத்தமையாலேயே அது நூறாண்டுக் காலத்தைக் கடந்து வந்திருக்கின்றது. பாட்டி கையால் நட்ட வகையொன்றின் கடைசிக் கிழங்கை வைத்திருப்பவனுக்கு, தவறான ஒரு வாரத்தில் அதனை நடுவது அந்த மலரையே தோட்டத்திலிருந்து என்றென்றைக்குமாக இழப்பதாக முடியலாம்.

வசந்தம் எவ்வெவ்வாறு வஞ்சிக்கும் என்பதற்கு 2021ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். அவ்வாண்டு மார்ச்சு 30ஆம் நாள் இலண்டன் நகரின் கியூ பூங்காவில் வெப்பநிலை 24.5 பாகை செல்சியசுக்கு ஏறியது. மார்ச்சு மாதத்தில் அத்தகைய வெப்பம் 1968ஆம் ஆண்டுக்குப் பின்னர் பிரித்தானியாவிற் பதிவாகியதில்லை. கோடை வந்துவிட்டது என்று மக்கள் எண்ணினர். ஆனால் அடுத்து வந்த ஏப்பிரல் மாதம், அந்நாட்டு வானிலை அலுவலகத்தின் பதிவுகளின்படி, அறுபது ஆண்டுகளில் உறைபனி மிகுந்த ஏப்பிரலாக முடிந்தது. அதே ஏப்பிரலின் முற்பகுதியில் பிரான்சு நாட்டின் திராட்சைத் தோட்டங்களிலே, மார்ச்சு வெப்பத்தை நம்பி வெளிவந்த தளிர்கள் பெருமளவிற் கருகின. பின்னர் வந்த மே மாதமோ குளிரும் மழையுமாகக் கழிந்தது; வேல்சு நாட்டில் பதிவிலுள்ள மே மாதங்களுள் மழை மிகுந்தது அதுவே. முதலில் பொய்யான வெப்பம், அடுத்து உறைபனி, அதன்பின் குளிர்ந்த ஈரம். ஒரே வசந்தத்தில் மூன்று வஞ்சனைகளும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியே நோக்கினால் அதற்குரிய காப்பும் விளங்கும்.

முதலாவது, பொய் வெப்பம். காற்று விரைவிற் சூடேறும், விரைவில் ஆறும். நனைந்த மண்ணோ மெதுவாகவே சூடேறும். வெளியில் மேற்சட்டை இன்றி உலவத்தக்க வெயில் அடிக்கும் நாளிலும், ஒரு சாண் ஆழத்தில் நிலம் மாரிகாலக் குளிரோடு கிடக்கக்கூடும். கிழங்கு வாழப்போவது காற்றிலன்று, மண்ணில். எனவே அனுபவமுள்ளோர் மண் வெப்பமானி ஒன்றைக் காலை வேளையில் பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்திற் செருகிப் பார்ப்பர். ஏறக்குறைய 15 பாகை செல்சியசு சில நாட்கள் தொடர்ந்து நின்றால் மண் ஆயத்தமாயிற்று என்று கொள்வர். ஒரு நாள் நண்பகலிற் காட்டும் அளவை நம்புவதில்லை.

மண் ஆயத்தமாகும்வரை கிழங்கை வாளா வைத்திருக்கத் தேவையில்லை. மார்ச்சுக் கடைசியிலோ ஏப்பிரலிலோ அதனை வெளியே எடுத்து, அழுகிய பகுதிகளை வெட்டி நீக்கி, ஆழமற்ற தட்டிலோ சாடியிலோ சிறிதே ஈரமுள்ள கூட்டெருவில் கழுத்து வெளியே தெரியும்படி பதித்து, வெளிச்சமும் இளஞ்சூடும் உள்ள இடத்தில் வைப்பர். இரண்டு மூன்று வாரங்களில் முளைகள் தெரியும். எந்தக் கிழங்கு உயிருள்ளது, எது வெறும் வேர் என்பது அப்போது புலனாகும். முளைத்தவற்றை மட்டும் பின்னர் நிலத்துக்குக் கொண்டுசெல்லலாம். இவ்வாறு செய்பவன் வெளியே பருவம் தடுமாறும் காலத்தைத் தன் கூரையின்கீழே பயனுள்ளதாக்கிக் கொள்கின்றான்.

இதிலே வேறொரு காப்பும் கிடைக்கின்றது. முளைகள் ஏழு முதற் பத்துச் சென்ரிமீற்றர் வளர்ந்ததும், அவற்றிற் சிலவற்றைக் கிழங்கினை ஒட்டிக் கூரிய கத்தியால் வெட்டி, கீழிலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரங்களில் வேர்விடும். தாய்க் கிழங்கும் மீண்டும் முளைக்கும். ஒரு கிழங்கிலிருந்து மூன்று நான்கு செடிகள் உண்டாகிவிட்டால், ஒன்றைப் பனி கொண்டுபோனாலும் வகை அழியாது. அரிய வகை எதனையும் ஒரே கிழங்காக ஒரே நாளில் நிலத்தில் இடுவது, வீட்டிலுள்ள விதைநெல் முழுவதையும் முதல் மழைக்கே விதைப்பதை ஒக்கும்.

இரண்டாவது, உறைபனி. இதன் இயல்பை அறிந்தவனுக்கு அது பெரும்பாலும் முன்னறிவிப்புக் கொடுத்தே வருகின்றது. பகலிலே சூரியனிடமிருந்து பெற்ற வெப்பத்தை நிலம் இரவிலே வானத்தை நோக்கி விட்டுவிடுகின்றது. முகில் மூடிய இரவில் அம்முகிலே போர்வையாகி வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். காற்று வீசினால் மேலுள்ள இளஞ்சூடான காற்றும் கீழுள்ள குளிர்காற்றும் கலக்கும். முகிலும் இல்லை, காற்றும் இல்லை, விண்மீன்கள் தெளிவாக மின்னுகின்றன என்றால், அவ்விரவு அழகானது. டேலியாவுக்கு ஆபத்தானதும் அதுவே. வானிலை அறிக்கை கூறும் வெப்பநிலை மனிதனின் இடுப்பளவுக்குச் சற்று மேலான உயரத்தில் அளக்கப்படுவது. புல்மட்டத்தில் அது மேலும் சில பாகைகள் குறைந்திருக்கும். ஆகவே அறிக்கை 3 அல்லது 4 பாகை என்று சொன்னாலும் தரையில் உறைபனி படியலாம். குளிர்காற்று பாரமானது. நீர் பள்ளத்தை நாடுவதுபோல அதுவும் தாழ்ந்த இடத்தில் வந்து தேங்கும். ஒரே தோட்டத்திலே மேட்டுப் பாத்தி பசுமையாக நிற்க, பள்ளத்துப் பாத்தி கறுத்துக் கிடப்பதன் காரணம் இதுவே.

இலையின் கலங்கள் நீரால் நிறைந்தவை. அந்நீர் உறையும்போது கலச்சுவர்களும் மென்சவ்வுகளும் சிதைகின்றன. காலையில் உருகும்போது இலை அவித்த கீரைபோல் ஆகிவிடுகின்றது. இதனைத் தடுக்க, மாலையிலே, நிலத்தின் வெப்பம் வெளியேறுமுன், இளஞ்செடிகளை மூடவேண்டும். மெல்லிய தோட்டத் துணி, பழைய சாக்கு, செய்தித்தாள், கவிழ்த்த பூச்சாடி ஆகிய எதுவும் ஓரிரவுக்குப் போதும். பிளாத்திக்குத் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். அதனைக் குச்சிகளின்மேல் உயர்த்தியே விரிக்கவேண்டும். நிலத்திலிருந்து அப்போதுதான் தலைகாட்டும் முளையாயின், உருளைக்கிழங்குக்கு மண் அணைப்பதுபோல ஒரு பிடி மண்ணை அதன்மேற் குவித்துவிட்டாலே போதுமானது. காலையில் வெயில் ஏறியதும் போர்வையை எடுத்துவிடவேண்டும்.

உள்ளே முளைத்த செடியை ஒரேயடியாக வெளியே கொண்டுபோய் நடுவதும் தவறு. பத்து முதற் பதினான்கு நாட்கள் வரை பகலில் வெளியேயும் இரவில் உள்ளேயும் வைத்து, படிப்படியாகக் காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்கவேண்டும். அங்கு பலர் கண்ணாடி மூடியிட்ட பெட்டிப் பாத்திகளை இதற்கென வைத்திருக்கின்றனர். பகலிலே மூடியைத் திறப்பர், இரவிலே மூடுவர்.

எவ்வளவு காத்தும் ஓரிரவு பனி பட்டுச் செடி கறுத்துவிடுமாயின் உடனே கிழங்கைத் தோண்டி எறிந்துவிடலாகாது. வசந்தகால உறைபனி பெரும்பாலும் மண்ணின் மேற்பரப்போடு நின்றுவிடும். கறுத்த தண்டை வெட்டிவிட்டுப் பொறுத்திருந்தால், கழுத்திலுள்ள உறங்கும் முளைகள் சில வாரங்களில் மீண்டும் கிளம்பும். மலர்ச்சி சற்றுத் தாமதமாகும், செடி பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, குளிர்ந்த ஈரம். மூன்றிலும் கொடியது இது. பனியின் அழிவு காலையிலே கண்ணுக்குத் தெரியும். இதன் அழிவோ மண்ணுக்குள்ளே ஓசையின்றி நிகழும். முளைவிடாத கிழங்குக்கு நீரை உறிஞ்சும் வேர்கள் இல்லை. குளிர்ந்த மண் அதனை எழுப்புவதும் இல்லை. உறங்கும் கிழங்கைச் சுற்றி நீர் தேங்கினால் பூஞ்சணம் பற்றிக் கழுத்து அழுகும். தோட்டக்காரன் ஒரு மாதம் காத்திருந்து தோண்டிப் பார்க்கும்போது கையிற் கூழே கிடைக்கும். ஆதலின் களிமண் நிலத்தில் பாத்தியை உயர்த்தி, மணலும் மக்கிய எருவும் கலந்து நீர்வடியச் செய்யவேண்டும். கிழங்கின்மேல் பத்து முதற் பதினைந்து சென்ரிமீற்றர் வரை மண் இருக்கலாம். நட்டவுடன் நீர் ஊற்றும் வழக்கம் பிற செடிகளுக்குப் பொருந்தும். டேலியாக் கிழங்குக்குப் பொருந்தாது. வழமையான ஈரமுள்ள மண்ணாயின் முளை வெளிவரும் வரை நீர் தேவையில்லை. ஊன்றுகோலை நடும்போதே ஊன்றிவிடவேண்டும். பின்னர் ஊன்றினால் கோல் கிழங்கைத் துளைத்துவிடும். ஈரமான வசந்தத்தில் ஓடில்லா நத்தைகள் பெருகி இளமுளைகளை இரவோடிரவாகத் தின்றுவிடும். முளைக்கவில்லை என்று எண்ணப்பட்ட கிழங்குகளிற் சில உண்மையில் முளைத்து, நத்தைக்கு இரையானவை.

இத்தனை பாடுகளையும் கேட்பவர், இன்ன நாளில் நடலாம் என்று ஒரு நாளைக் குறித்துவிடலாகாதா என்று வினவலாம். ஐரோப்பிய உழவர் குறித்துத்தான் வைத்தனர். ஜேர்மனியிலும் அதனை அடுத்த நாடுகளிலும் மே மாதம் 11 முதல் 15 வரையுள்ள நாட்களைப் பனிப் புனிதர்களின் நாட்கள் என்பர். மமெர்த்துசு, பங்கிராசு, செர்வாசு, பொனிபாசு, சோபியா ஆகிய புனிதர்களின் திருநாட்கள் அவை. கடைசியில் வருபவருக்குக் குளிர்ந்த சோபி என்றே பெயர். அவர் கடந்துபோன பின்னரே மென்மையான செடிகளை வெளியே நடவேண்டும் என்பது பாட்டன்மார் வகுத்த விதி. பல தலைமுறைகளின் பட்டறிவு இதில் அடங்கியுள்ளது. மே மாத நடுப்பகுதிக்குப் பின்னர் அப்பகுதிகளில் உறைபனி அரிதென்பது பொதுவில் உண்மையே. ஆனால் 1582ஆம் ஆண்டில் நாட்காட்டி திருத்தப்பட்டபோது பத்து நாட்கள் நீக்கப்பட்டன. பழைய கணக்கின்படி அப்புனிதர்களின் நாட்கள் இன்றைய மே மாத இறுதியை நெருங்கி வரும். மேலும் மலைப்பள்ளத்தாக்கும் கடற்கரையும் ஒரே நாளிற் சூடேறுவதில்லை. விதி நல்ல வழிகாட்டி. ஆயினும் ஒவ்வொரு பாத்தியின் மண்ணும் தனக்கெனக் கூறும் சாட்சியைக் கேளாமல் அதனை மட்டும் நம்புதல் கூடாது.

காத்திருப்பதால் இழப்பதும் மிகக் குறைவு. நட்ட கிழங்கு பூக்க ஏறத்தாழ எட்டு முதற் பன்னிரண்டு வாரங்கள் செல்லும். ஏப்பிரலிற் குளிர்ந்த மண்ணிலே இட்ட கிழங்கு பல நாட்கள் அசைவின்றிக் கிடக்கும். மே மாதக் கடைசியில் இளஞ்சூடான மண்ணிலே நட்டது விரைந்தெழுந்து அதனை எட்டிப் பிடிக்கும். முந்தி நட்டவன் பெறக்கூடியது சில நாட்களே; இழக்கக்கூடியது முழுக் கிழங்கு. எனினும் முற்றாகக் காத்திருக்க மனமில்லாதோர் தம் கிழங்குகளை மூன்று பங்காக்கி, பத்து நாட்களுக்கு ஒரு பங்காக நடுவதுண்டு. வசந்தம் நல்லதாயின் முதற்பங்கு முந்திப் பூக்கும். பொய்த்தால் மற்ற இரண்டும் மிஞ்சும்.

இலங்கையில் இத்தகைய வசந்தம் இல்லை. எனினும் 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும் அதனைச் சூழ்ந்த மலைப்பகுதிகளிலும் டேலியா செழித்துப் பூக்கின்றது. மெக்சிக்கோ மலைகளின் குளிர்ச்சியை ஒத்த காலநிலை அங்கு அதற்குக் கிடைக்கின்றது. தை, மாசி மாதங்களில் முகிலற்ற இரவுகளிலே நுவரெலியாப் பள்ளத்தாக்கில் வெண்பனி படிவதையும், தாழ்ந்த இடங்களிலுள்ள தேயிலைக் கொழுந்து கருகுவதையும் மலையக மக்கள் அறிவர். சித்திரை மாதத்து மலர்க்காலத்துக்குத் தோட்டம் பூத்துக் குலுங்கவேண்டும் என்று எண்ணுவோர் மூன்று மாதங்கள் முன்னரே கிழங்கை எழுப்ப வேண்டும். அதுவோ சரியாக அந்தப் பனிக்காலம். அதன்பின் பங்குனி, சித்திரையில் இடிமழையும், வைகாசிக்குப் பின் தென்மேற்குப் பருவமழையும் தொடரும். ஆகவே பள்ளத்தை விட்டு மேட்டில் நடுதல், தெளிந்த இரவில் மூடுதல், நீர்வடியும் பாத்தி அமைத்தல், துண்டங்கள் எடுத்துவைத்தல் என்னும் நான்கும் இலங்கை மலைநாட்டுக்கும் அவ்வாறே பொருந்துவன.

பருவத்தை மாற்றும் வல்லமை மனிதனுக்கு இல்லை. அண்மைக்காலத்தில் வசந்தம் முன்னரே தொடங்கிச் செடிகளை முன்னரே எழுப்புவதால், பின்னர் வரும் ஒரே ஒரு பனியிரவும் பெருந்தீங்கு செய்கின்றது. அதற்கு அஞ்சித் தோட்டத்தைக் கைவிட்டாரில்லை. மண்ணின் சூட்டைத் தொட்டறிந்து, மாலை வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்து, கையிலுள்ள அனைத்தையும் ஒரே நாளுக்குப் பணயம் வைக்காமல் நடுபவனுக்கு, ஓகத்து மாதத்திலே டேலியா தன் பூங்கொத்தை நீட்டும். இலையுதிர்காலத்தின் முதற் பனி வரும்வரை அது ஓயாது பூக்கும். பின்னர் கிழங்கு மீண்டும் உலர்ந்த மணலுக்குள்ளே உறங்கச் செல்லும்; அடுத்த வசந்தத்திலும் அதனை எழுப்ப ஒரு பொறுமையுள்ள கை வேண்டும்.